வெண்கட்டிக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

நானா,

நேற்றுப் பின்னேரம் அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் அந்த மணம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் முச்சக்கரவண்டியின் உடைந்த மூடியை ஒட்டுவதற்கு ரெசின் குழைத்துக்கொண்டிருந்தார். மூக்கைப் பிடித்து உலுப்புகிற அந்த மணம் வந்ததும், தைத்துக்கொண்டிருந்த மெத்தை உறையை அப்படியே போட்டுவிட்டு வேலியடிக்குப் போனேன். வேலையைப் பார்க்கப் போகவில்லை. அவருடைய போத்தல்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கப் போனேன். ஒன்று படிக்கட்டில் இருந்தது. மற்றது எங்கே என்று கேட்டேன். மனுசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மதிலின் அந்தக் கடைசித் தொங்கலைக் காட்டினார். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் எதைக் கேட்டாலும் அதற்குப் பின்னால் என்னவோ இருக்கிறது என்றுதான் அயலட்டையில் நினைப்பார்கள். அவர்கள் நினைப்பது பிழை இல்லை. தபால்காரர் ஒரு நாள் பிந்தி வந்தால் ஏன் பிந்தினார் என்று யோசிக்கிற ஆள் நான். நீங்கள் இருந்த காலத்தில் இது இன்னும் மோசம். ஆகவே சொல்லவேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறீர்கள் என்று நான் எட்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பட்டறையை இப்போது யாருக்கும் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. ஓர்ஸ் ஹில் இறக்கத்தில், உள்துறைமுகத்துப் பக்கமாக, படகுகள் ஏற்றிவைக்கக் கட்டிய நீளமான தகரக் கட்டிடம். சொந்தக்காரர் சண்டைக்குப் பயந்து கொழும்புக்குப் போகும்போது அதை எங்கள் மூன்று பேருக்கும் வாடகைக்கு விட்டுவிட்டுப் போனார். வாசலோடு கந்தளாயிலிருந்து வந்த சுனில், இரும்பு ஒட்டுகிற வேலை. நடுவில் கிண்ணியாவிலிருந்து வந்த நீங்கள், ரெசின் பூசிப் பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிற வேலை; உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் உங்களை நானா என்போம். வடக்குச் சுவரோரம் நான், என் தையல் மெசினும் கன்வஸ் சுருள்களும். படகுக்குக் கூடாரச்சீலை, வான் வண்டிக்கு இருக்கை உறை, எதுவும் தைப்பேன். ஒரு சிங்களவர், ஒரு முஸ்லிம், ஒரு தமிழச்சி, மூன்று பேருக்கும் ஒரு கூரை, ஒரு பூட்டு, ஒரு திறப்பு. ஊரில் ஒருவரை ஒருவர் தெருவில் கண்டாலும் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தலையசைக்கிற காலம் அது.

தரையில் குறுக்காக இரண்டு வெண்கட்டிக் கோடுகள் இருந்தன. ஒவ்வொரு திங்கள் காலையும் சுனில் அவற்றைப் புதிதாகப் போடுவார். அவரவர் சாமான் அவரவர் கோட்டுக்குள். ஒரு சுத்தியல் வேண்டுமென்றாலும் கோட்டில் நின்று கேட்கவேண்டும். நீங்கள் கேட்பதோடு நிற்கமாட்டீர்கள். செருப்பைக் கழற்றி கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, மெல்லச் செருமி, "வரலாமா தங்கச்சி?" என்பீர்கள். சீமெந்துத் தரைக்கு என்ன செருப்பைக் கழற்றுவது? இவ்வளவு மரியாதை காட்டுகிற மனுசன் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. யாரும் எந்தச் சாமானிலும் எதையும் எழுதக்கூடாது. வாங்கும்போது ஒட்டியிருக்கிற கடதாசியையும் உரித்துவிடுவோம். அதை யாரும் தீர்மானம் போட்டுக் கொண்டுவரவில்லை, தானாகவே வந்தது. தமிழில் எழுதினால் சோதனைக்கு வருகிற ஆமிக்காரன் இது என்ன என்பான். சிங்களத்தில் எழுதினால் ஊருக்குள் இது என்ன என்பார்கள். ஆங்கிலத்தில் நெருப்புப் படம் போட்டு ஏதாவது இருந்தால் இரண்டு பேரும் கேட்பார்கள். பெயர் எழுதினால் அந்தச் சாமானுக்குச் சொந்தக்காரர் யார் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்த மாதிரி. ஆகவே மூன்று பேரின் தகரங்களும் கான்களும் மொட்டையாகவே இருந்தன. எதற்குள் என்ன இருக்கிறது என்பது வைத்தவரின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

அந்தப் பட்டறையில் நெருப்புக்குப் பயந்த ஒரே ஆள் நீங்கள். மூன்று வாளிகளில் மண் நிரப்பி ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒன்று வைத்தீர்கள். சுனிலின் வாயுச் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டு யன்னல் கம்பியோடு கட்டவைத்தீர்கள். கை துடைத்த சீலைத் துண்டுகளைக் குவித்துப் போடாமல் வெளியில் கம்பி கட்டி ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுவீர்கள். அழுக்குத் துணியைக் காயவிடுகிற மனுசனை நான் அதற்கு முதல் கண்டதில்லை. ஒரு நாள் மூன்று துண்டு தொங்கும், அடுத்த நாள் ஐந்து தொங்கும். கடலில் இருந்து பார்த்தால் அந்தக் கம்பி தெரியும். இது யாருக்குக் காட்டுகிற கணக்கு என்று நான் ஒரு மாதம் எண்ணிக்கொண்டிருந்தேன், நானா. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது இரவில் அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்துக்கொண்டு படுத்தேன்.

என் தம்பியின் கதை உங்களுக்குத் தெரியும். சைக்கிள் பையில் டோர்ச்சுக்குப் போடுகிற பற்றரி நான்கும் கொஞ்ச வயரும் வைத்திருந்தான் என்று பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். வந்தவன் முந்தி இருந்தவன் இல்லை. அம்மாவையும் அவனையும் நான்தான் பார்த்தேன். என்னையும் ஒரு நாள் கொண்டுபோனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் நான் ஒரு பழக்கம் பழகிக்கொண்டேன். யாருடைய விசயமும் எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால்தானே கேட்கும்போது முகம் மாறும்? தெரியாது என்று சாமிக்கு முன்னால் நின்றும் சொல்லக்கூடியமாதிரி இருக்கவேண்டும் என்று நினைத்தேன். யாராவது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினால் உடனே மெசினை மிதிக்கத் தொடங்கிவிடுவேன். பழைய மெசின், தகரக் கூரை. அது ஓடினால் பக்கத்தில் நிற்பவரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும்.

நீங்களும் ஒரு நாள் அப்படி வந்தீர்கள். செருப்பைக் கழற்றினீர்கள், செருமினீர்கள். வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஒரு சாமான் விசயம் சொல்லணும்" என்றீர்கள். வாசலைப் பார்த்தீர்களே, அது போதும் எனக்கு. மிதிக்கத் தொடங்கினேன். நீங்கள் நின்று எதையோ நெடுக விளக்கினீர்கள். கையால் உங்கள் சாமான் தட்டைக் காட்டினீர்கள், பிறகு என் சுவரைக் காட்டினீர்கள், இரண்டு கைகளையும் அகல விரித்தீர்கள். நான் கன்வஸின் விளிம்பைப் பார்த்தபடி தலையாட்டினேன். நீங்கள் முடிக்கும்வரை ஆட்டினேன். ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. விழாமல் பார்த்துக்கொண்டேன். நல்லது தங்கச்சி என்பதுபோல நெஞ்சில் கையை வைத்துவிட்டுப் போனீர்கள். இவர் என்னை எதற்குள்ளோ இழுக்கப் பார்த்தார், நான் தப்பிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெரிய கெட்டித்தனம் செய்த எண்ணம்.

இரண்டு கிழமை போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நீங்கள் தொழுகைக்குப் போய்விட்டீர்கள். சுனில் சாப்பிட வெளியே போய்விட்டார். என் பக்கத்தில், வடக்குச் சுவரோடு, எந்தக் காலத்திலோ கட்டிய சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. தண்ணீர் இல்லாத தொட்டி. மேலே பலகை போட்டு மூடியிருக்கும். எலி செத்த மணம் வருகிறது என்று பலகையைத் தூக்கினேன். உள்ளே மண் பரப்பி, அதன் நடுவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கான் இருந்தது. எழுத்து இல்லை, கடதாசி இல்லை. சின்னக் குழந்தையைப் படுக்கவைத்த மாதிரி அவ்வளவு பக்குவமாக வைத்திருந்தது.

சாமான் என் பக்கத்தில் இருக்கிறது. சோதனை வந்தால் தொட்டி யாருடையது என்று கேட்பார்கள். கோடு சொல்லும், என்னுடையது என்று. மூடியைத் திறந்து முகர்ந்தேன். புளித்த, கண்ணைக் கரிக்கிற மணம். சுனிலின் சாமான் இல்லை. அப்போது உங்களுடையது. அன்றைக்கு வாசலைப் பார்த்துவிட்டு என் சுவரைக் காட்டினீர்கள் என்பது ஞாபகம் வந்தது. இதை என் தலையில் கட்டிவிட்டு எங்கேயோ ஒரு சொல் சொல்லிவிடப் போகிறீர்கள் என்று எனக்கு அந்த நிமிசமே நிச்சயமாகிவிட்டது. ஏன் அப்படிச் செய்வீர்கள் என்று நான் என்னைக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கான் உங்களுடையது, உங்களிடமே போகட்டும் என்று தீர்மானித்தேன். கைரேகை படக்கூடாது என்று வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்து அதைச் சுற்றிப் பிடித்தேன். நான் எடுத்தது நீலக்கோடு போட்ட கன்வஸ். திருகோணமலையில் அதை வைத்துத் தைக்கிறவள் நான் ஒருத்திதான். கைரேகைக்குப் பயந்தவளுக்கு இது தோன்றவில்லை. கோட்டைத் தாண்டி, செருப்போடு, கேளாமல், உங்கள் பக்கத்துக்குப் போனேன். மேல்தட்டில் அதே அளவில் ஒரு தகரம் இருந்தது. வாயோரத்தில் ஊதா நிறம் வழிந்து காய்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இடம் இருந்தது. இரண்டும் ஒரு சோடி போலிருக்கிறது என்று நினைத்து, துணியோடு சேர்த்துத் தகரத்தை ஒட்டியே வைத்துவிட்டு வந்து மெசினில் இருந்தேன். முகர்வதற்காகத் திறந்த மூடியைச் சரியாக இறுக்கவில்லை.

நீங்கள் தொழுகை முடிந்து வந்து, கீழே ஒரு படகின் வயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். மூன்று மணி இருக்கும். மேல்தட்டில் ஏதோ சீறியது. நிமிர்ந்து பார்த்தபோது கறுத்த புகை. நீங்கள் எழும்பி இடக்கையால் அந்தக் கானைத் தட்டிவிட்டீர்கள். அது தரையில் விழுவதற்குள் படார் என்று ஒரு சத்தம், கூரைத் தகரம் எல்லாம் அதிர்ந்தது. சுனில் மண் வாளியோடு ஓடிவந்தார். என் பக்கத்து வாளியும் அவர்தான் எடுத்தார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. நெருப்பு அணைந்த பிறகு நீங்கள் உங்கள் கையைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த நீலக்கோட்டுத் துண்டைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். கோபம் இருக்கவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டால் ஆமிக்காரர் எத்தனை நிமிசத்தில் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வந்தார்கள். மூன்று பேரையும் அவரவர் கோட்டுக்குள்ளேயே நிற்கவைத்தார்கள். அவர்களோடு வந்த அதிகாரி கொச்சைத் தமிழில் இது யார் வைத்தது என்று கேட்டார். நீங்கள் யோசிக்கவேயில்லை.

"நான்தான் வெச்சன். என்ட பிழை."

அதிகாரி பாதி எரிந்த துணியைச் சப்பாத்து நுனியால் புரட்டினார். அதே நீலக்கோட்டுச் சுருள் என் மேசையில் விரிந்து கிடந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். நீங்கள், கை துடைக்கத் தையல்காரியிடமிருந்து எடுத்த துண்டு என்றீர்கள். ஒரு நாளும் என்னிடமிருந்து ஒரு நூல் கேட்காமல் எடுத்ததில்லை நீங்கள். பார், என் பெயரை உள்ளே இழுக்கிறார் என்று நினைத்தேன். பிறகு நீங்கள் சிங்களத்துக்கு மாறி நெடுகக் கதைத்தீர்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் பத்துப் பதினைந்து சொல். அதில் மனுசி என்பதற்குரிய சொல்லும் ஒன்று. அதை நீங்கள் இரண்டு தரம் சொன்னீர்கள். இரண்டாம் தரம் சொல்லும்போது அதிகாரி திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். முடிந்தது, கொடுத்துவிட்டார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

உங்களை மட்டும்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் வீட்டு வாசலில் ஒரு வாகனம் வேகத்தைக் குறைத்தாலும் நான் எழும்பி நிற்பேன். யாரும் வரவில்லை. அதையும் நான் சந்தேகித்தேன். விட்டுப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். நீங்கள் திரும்பி வந்த நாளில் எனக்கு வந்த முதல் எண்ணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. நான்கு பற்றரிக்குத் தம்பியை வைத்திருந்தது பதினொரு நாள், வெடிச்சத்தத்துக்கு இவரை வைத்திருந்தது ஒன்பது நாள், இவர் என்ன கொடுத்துவிட்டு வந்தார் என்று நினைத்தேன். இடக்கையில் கட்டுப் போட்டிருந்தீர்கள். கன்னத்தில் ஒரு காயம் இருந்தது, அது நெருப்பில் பட்ட காயம் இல்லை. அதைக் கண்டும் நான் அப்படித்தான் நினைத்தேன்.

அதன் பிறகு எல்லாம் மாறிவிட்டது. பத்து மணிக்கு நான் போடுகிற தேத்தண்ணியை நீங்கள் குடிக்கவில்லை. "வேணாம் தங்கச்சி, வயிறு சரியில்ல" என்பீர்கள். ஒரு நாள் வயிறு சரியில்லாமல் இருக்கும், ஐந்து மாதமும் இருக்குமா? வேலை செய்யும்போது எனக்கு முதுகு காட்டமாட்டீர்கள். படகை மறுபக்கம் திருப்பிப் போட்டு, என்னைப் பார்த்தபடி நின்று சுரண்டினீர்கள். காலையில் வந்ததும் தட்டில் இருக்கிற ஒவ்வொரு கானையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குவீர்கள். குற்றம் செய்த மனுசனுக்கு மனம் குறுகுறுக்கிறது, அதனால்தான் என் தேத்தண்ணி இறங்கவில்லை என்று நான் அதற்கெல்லாம் விளக்கம் வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் எனக்குப் பொருந்தி வந்தது.

நீங்கள் பட்டறையை விட்டுக் கிண்ணியாவுக்கே போகிறேன் என்று சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறது. சாமான்களை ஏற்றிய பிறகு வந்து கோட்டில் நின்றீர்கள். இந்த முறை செருமவில்லை.

"தங்கச்சி, நான் உங்களுக்கு ஏதும் பிழை விட்டனா?"

மெசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதைக் கேட்டேன். நான் காலை எடுக்காமல், "அப்பிடி ஒண்டும் இல்ல" என்றேன். நான் நிமிரவில்லை. குற்றவாளிதான் இப்படிக் கேட்பான் என்று நினைத்துக்கொண்டு அந்த விளிம்பைக் கடைசிவரை தைத்து முடித்தேன்.

எட்டு வருடம் கழிந்தது. சண்டை ஓய்ந்து கந்தளாய்ப் பாதையில் பயமில்லாமல் போய்வந்த கொஞ்சக் காலத்தில், ஒரு மண்டபத்துக் கதிரைகளுக்கு உறை தைக்க அளவெடுக்கப் போயிருந்தேன். திரும்பி வரப் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுனில் கண்டுவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. தேத்தண்ணி வாங்கித் தந்தார். ஊர்க் கதை எல்லாம் கதைத்து முடிந்த பிறகு, கோப்பையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார். பிறகு கேட்டார்.

"கோபம் வேணாம் தங்கச்சி. அன்னைக்கு ஏன் நீங்க அந்த ரெண்டு மருந்தையும் சேத்து வெச்சது?"

நான் எந்த மருந்து என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தபடி சொன்னார். ரெசினை இறுகவைக்க வெள்ளைக் கானில் ஒன்று, ஊதா நிறத்தில் ஒன்று. ரெசினுக்குள் தனித்தனியாக விட்டால் ஒன்றும் இல்லை. நேரே ஒன்றோடு ஒன்று பட்டால் வெடிக்கும். அதனால் இரண்டையும் ஒரு தட்டில் வைக்கவே கூடாது. நானாவின் பக்கத்தில் ஊதா இருந்தது. சுனிலின் பக்கத்தில் நாள் முழுக்க நெருப்புப் பொறி பறந்தது. வெயில் படாத, பொறி வராத இடம் அந்தக் கட்டிடத்தில் ஒன்றுதான் இருந்தது, அது என் தொட்டி.

"நானா உங்ககிட்ட வந்து எல்லாம் சொன்னதுதானே. அந்தத் தொட்டியில வெக்கிறேன், எடுக்க வேணாம், மத்ததோட சேந்தா என் உயிர் போகும் என்டு. முதல்ல எனக்கும் சொன்னது. நான் அங்க நின்டு பாத்தது. நீங்க தலையாட்டினது."

எனக்கு மெசின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். கேட்கக்கூடாது என்றுதான் மிதித்தேன் என்றும் சொன்னேன். அவர் ஓம் ஓம் என்றார். நம்பவில்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அது என்னுடைய பார்வை. பிறகு அவர் சிங்களத்தில் நீங்கள் சொன்னது என்ன என்று சொன்னார். அந்த மனுசி வெறும் தையல்காரி, இந்தக் கானில் என்ன இருக்கிறது என்று அந்த மனுசிக்கு ஒன்றும் தெரியாது, என் கை தவறியது. இவ்வளவுதான். உங்களை ஏற்றும்போது சுனிலின் காதுக்குள் வேறொன்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையின் தம்பி ஏற்கெனவே போய்வந்தவன், இவளும் போனால் திரும்பி வரமாட்டாள், நீ வாயைத் திறக்காதே என்று.

பஸ்ஸில் வரும்போது முதலில் சுனில் பொய் சொல்கிறார் என்று நினைத்துப் பார்த்தேன். பழக்கம் விடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். தேத்தண்ணி, முதுகு, காலையில் கான்களைத் தூக்கிப் பார்த்தது, கோட்டில் நின்று கேட்ட கேள்வி. நான் உங்களைக் குற்றவாளி என்று எழுதி வைத்திருந்த எல்லாம், உங்களைக் கொல்லப் பார்த்தவள் என்று நீங்கள் நினைத்த ஒருத்திக்குப் பக்கத்தில் வேலை செய்த மனுசனின் பயம். அந்தப் பயத்தோடு ஐந்து மாதம் எனக்கு எதிரில் நின்றிருக்கிறீர்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் கிண்ணியாவுக்கு வெளிக்கிட்டேன். துறையடியில், ஆட்களை அக்கரைக்கு ஏற்றுகிற பாதைப் படகில் நிற்கும்போது என்ன சொல்வது என்று நெட்டுருப் போட்டுக்கொண்டு போனேன். உங்கள் வீட்டில் உங்கள் மனைவிதான் கதவைத் திறந்தா. நீங்கள் இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிவிட்டது என்றா. சீனி வருத்தம், சலரோகம் என்றா. நான் யார் என்று கேட்டா. பட்டறையில் ஒன்றாக வேலை செய்தனான் என்றேன். "தைக்கிற தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனா. இவர் இவவுக்கு என்ன சொல்லி வைத்திருப்பார், உள்ளே யாரைக் கூப்பிடப் போகிறா என்று நான் வாசலைப் பார்த்தபடி இருந்தேன். அவ தேத்தண்ணியோடு வந்தா. நான் நல்லாத் தைப்பேன் என்று நீங்கள் சொல்வீர்களாம். இடக்கை விரல்கள் கடைசிவரை மடங்கவில்லையாம். எப்படி நடந்தது என்று யார் கேட்டாலும், "என்ட கவலயீனம்" என்றுதான் சாகுமட்டும் சொன்னீர்களாம்.

உங்கள் சொந்த வீட்டுக்குள்ளேயும் என் பெயரை நீங்கள் சொல்லவில்லை. நான் அங்கே இருந்து சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. நீங்கள் காத்ததை நான் ஏன் உடைக்கவேண்டும் என்று பெரிய மனதோடு பேசாமல் இருந்தேன் என்று எழுதலாம். அது பொய். உங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்களோ என்று பயந்தேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

இப்போது யார் பக்கத்தில் வந்து கதைத்தாலும் மெசினை நிறுத்திவிடுகிறேன். அதனால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. நான் சுமப்பது வேறு. என்னை ஒருவர் காட்டிக்கொடுப்பார் என்று பயந்து பயந்து இருந்தேனே, அதற்கு எல்லாக் காரணமும் இருந்த ஒரே ஆள் நீங்கள்தான். உங்களை எரிக்கப் பார்த்தவள் என்று நினைத்துக்கொண்டுதான் என்னைக் காப்பாற்றினீர்கள். அப்படி நினைத்துக்கொண்டுதான் கண்ணையும் மூடினீர்கள். அந்த அதிகாரிக்கு முன்னால் எனக்காகப் பொய் சொன்னதாக, ஒன்பது நாளும் அந்தப் பொய்க்காக அடி வாங்கியதாக உங்களுக்கு எண்ணம்.

நானா, அது பொய் இல்லை. அந்த மனுசிக்கு ஒன்றும் தெரியாது.